வலிக்கு எத்தனை மார்க்?

மாஸ்டருக்கு அக்கி இருந்தது பதினெட்டு நாள். அது விட்டுவிட்டுப் போன வலி மூன்று வருடமாகக் குடியிருக்கிறது. வாடகையும் கிடையாது, காலி செய்கிற எண்ணமும் கிடையாது. இடது அக்குளுக்குக் கீழே ஆரம்பித்து விலாவைச் சுற்றி முதுகு வரைக்கும் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியாது, லேசான தழும்பு தெரிந்தால் உண்டு. ஆனால் சட்டைத்துணி உரசினால் போதும், சுடுகிற எண்ணெய் தெறித்ததுபோல ஆள் துள்ளிவிடுவார்.

இதில் கொடுமை என்னவென்றால், மனிதரின் பிழைப்பே துணியில்தான். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் முப்பது வருடமாகக் கட்டிங் மாஸ்டர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. தெருவில் பால் ஊற்றுகிறவர்கூட மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். நீளமான மேஜையில் துணியை அடுக்கடுக்காக விரிப்பார்கள், எண்பது அடுக்கு, நூறு அடுக்கு. மேலே கோடு போட்ட காகிதம். மோட்டார் வைத்த நெட்டைக் கத்தியை அந்தக் கோட்டின்மேல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கை ஒரு நூல் விலகினால் ஒரு சட்டை கெடாது, எண்பது சட்டை ஒரே நேரத்தில் கெடும். மாஸ்டர் கை விலகாது. புதிதாக வருகிறவர்களிடம் மேனேஜர் மாஸ்டரைக் காட்டி, கோடு அவர் கையைப் பார்த்துத்தான் நேராகப் போகிறது என்பார். மேனேஜர் சாமானியத்தில் யாரையும் புகழ்கிற ஆள் இல்லை.

வலது கை கத்தியில் இருக்கும். இரும்புக் கையுறை போட்ட இடது கை துணியை அமுக்கிப் பிடிக்கும். அப்படிப் பிடித்தால் இடது விலா மேஜை விளிம்பில் உரசும். எட்டு மணி நேரம் உரசும். மாஸ்டர் தனக்கென்று தானே சட்டை தைத்துக்கொண்டார், இடது பக்கம் தையலே இல்லாத சட்டை. பத்துத் தடவை துவைத்து நைந்துபோன துணியைத் தேடிப் பிடித்துத் தைத்தார். அதுவும் ஏதோ சமாளிக்கத்தான். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று பெயர்ந்தே போயிற்று.

மாதம் ஒரு வியாழக்கிழமை ஆஸ்பத்திரி. தொழிற்சாலை அட்டையைக் காட்டினால் பதினாலாம் நம்பர் அறைக்கு அனுப்புவார்கள். தீராத வலிக்காரர்களுக்கென்றே இருக்கிற அறை அது. வெளியே நீளமான பெஞ்சு. அங்கே வருகிற பத்துப் பதினைந்து பேருக்கும் ஒருவரை ஒருவர் தெரியும். யாருக்கு எந்தப் பக்கம் இடிக்கக் கூடாது என்பதுவரை தெரியும். மாஸ்டருக்கு எப்போதும் இடது கோடியில் இடம் விட்டு வைப்பார்கள்.

உள்ளே போனால் டாக்டர் முதலில் கேட்பது ஒரே கேள்வி. வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எத்தனை? வலிக்கு மார்க் போடச் சொல்லும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு நாளாவது பல்வலி வந்திருக்குமா என்பது சந்தேகம். பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் இருந்தார், முதுகெலும்பில் நான்கு போல்ட். அவர் வாசற்படியைத் தாண்டுவதற்குள்ளேயே பத்து என்று கத்திவிடுவார். போன மாதம் பத்து, இந்த மாதமும் பத்து. கொஞ்சம்கூடக் குறையவில்லையா என்று டாக்டர் கேட்டால், பதினொண்ணு இல்லாததால்தான் பத்தோடு நிற்கிறேன் என்பார். பெஞ்சே அவரைப் பத்துக்காரர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

மாஸ்டர் சொன்னது எப்போதும் நாலு.

அவருக்கு வலி எட்டு, மழைநாளில் ஒன்பது. அது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். அப்புறம் ஏன் நாலு என்றால், சீட்டுக்காக. தொழிற்சாலையில் கத்தி மெஷினில் நிற்கிற யாருக்காவது நாள்பட்ட நோய் இருந்தால், மாதாமாதம் டாக்டரிடம் சீட்டு வாங்கிவந்து கொடுக்க வேண்டும். வலி கட்டுக்குள் இருக்கிறது, சாப்பிடுகிற மருந்தால் மயக்கம் இல்லை, மெஷினில் வேலை பார்க்கலாம் என்று மூன்று வரி. அந்த மூன்று வரி இல்லையென்றால் மெஷினிலிருந்து இறக்கி விடுவார்கள். ஒன்பது என்று சொல்கிறவனுக்கு எந்த டாக்டர் அந்தச் சீட்டு கொடுப்பார்?

டாக்டர் எழுதிக் கொடுத்தது அபின் வகை மாத்திரை, தினம் மூன்று. முதல் நாள் மத்தியானம் ஒன்றைப் போட்டுக்கொண்டு மாஸ்டர் மெஷினுக்குப் போனார். வலி கொஞ்சம் அடங்கத்தான் செய்தது. கூடவே கண்ணும் கையும் அடங்கிவிட்டன. கத்தி கோட்டை விட்டு விலகி இரும்புக் கையுறையின் கட்டைவிரலில் போய்க் கிறீச்சிட்டு நின்றது. கையுறை மட்டும் இல்லையென்றால் விரல் துணிக்குவியலோடு போயிருக்கும். அன்றோடு சரி. அதற்குப் பிறகு சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஒன்று, மறுநாள் லீவு என்கிற தைரியத்தில். மிச்ச மாத்திரைகளைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். டாக்டரிடம், மூன்று வேளையும் போடுகிறேன், ஒத்துக்கொண்டது, தூக்கமெல்லாம் வரவில்லை, நாலு. டாக்டர் எழுதிக்கொண்டார், சீட்டு வந்தது. பெஞ்சில் பாதிப்பேர் இப்படி ஏதாவது ஒரு கணக்கில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும்.

இப்படி இருக்கும்போதுதான் பதினாலாம் நம்பர் அறைச் சுவரில் அந்த அறிவிப்பை ஒட்டினார்கள். அபின் சேராத புது வலி மருந்து. மயக்காது, பழக்கமாகாது. மருந்துக் கம்பெனி ஓர் ஏற்பாட்டின்கீழ் இந்த ஆஸ்பத்திரி நோயாளிகள் சிலருக்கு ஒரு வருடம் கொடுக்கப்போகிறது. முதல் பட்டியலில் பத்துப் பேர், பிறகு இன்னொரு பட்டியல். அன்றைக்கு அந்தப் பெஞ்சைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக யாரோடும் பேசாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர், எழுந்து நின்று அதை மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினார். மாஸ்டர் ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பப் படித்தார். மயக்காது. அப்படியென்றால் மெஷினில் நின்றுகொண்டே சாப்பிடலாம். வலியும் போகும், கத்தியும் கையில் இருக்கும். மூன்று வருடத்தில் முதல்முறையாக மனிதருக்குத் தன்மேல் ஆசை வந்தது.

கீழே நிபந்தனைகள் இருந்தன. பழைய மாத்திரையை மூன்று மாதமாவது ஒழுங்காகச் சாப்பிட்டும் பலனில்லாமல் வலி ஏழுக்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நியாயமான நிபந்தனை மாதிரிதான் இருந்தது.

பத்துக்காரருக்கு முதல் பட்டியலிலேயே கிடைத்தது. கிடைக்காமல் என்ன செய்யும், ஃபைல் முழுக்கப் பத்துப் பத்தாக அல்லவா கிடந்தது. ஐந்தாவது வாரம் ஊன்றுகோல் இல்லாமல் வந்தார். பெஞ்சைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டினார். லாரி முதலாளியிடம் பேசிவிட்டதாகவும் மறுவாரம் வண்டி எடுக்கப்போவதாகவும் சொன்னார். எல்லாருக்கும் சந்தோஷம்தான். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது பொய்.

மாஸ்டரும் மனு கொடுத்திருந்தார். அவருக்கு இல்லை என்று பதில் வந்திருந்தது. காரணம் ஒரே வரி: தற்போதைய மருந்தில் நல்ல நிவாரணம்.

அன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மாத்திரை போட்டது எத்தனை, கொட்டியது எத்தனை, வலி உண்மையில் எவ்வளவு, எல்லாம். டாக்டர் ஃபைலைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டிப் பார்த்தார்.

"முப்பத்துநாலு தடவை கேட்டிருக்கேன். முப்பத்துநாலு தடவையும் நாலுன்னே சொல்லியிருக்கீங்க."

"நாலுன்னு சொன்னாத்தான் சார் சீட்டு."

டாக்டருக்குக் கோபம் வந்தது. கோபம் மாஸ்டர்மேல்தானா என்பது தெரியவில்லை, ஏனென்றால் அந்த முப்பத்துநாலு சீட்டிலும் இருந்தது அவர் கையெழுத்து. நிமிர்ந்து பார்க்காமலே நாலு என்று எழுதிய நாட்களும் அதில் உண்டு. ஃபைலை மூடி வைத்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். இரண்டாவது பட்டியல் மூன்று மாதத்தில் முடிகிறது. அதுவரைக்கும் பழைய மாத்திரையை மூன்று வேளையும் நிஜமாகவே சாப்பிட வேண்டும், மனைவி முன்னால் விழுங்க வேண்டும், சீட்டு கிடையாது. கடைசியில் அந்த ஏற்பாட்டின் அலுவலர் ஒருவர் வெளியிலிருந்து வந்து நோயாளியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பார். அங்கே நோயாளி தன் வாயால் சொல்வதுதான் கணக்கு. டாக்டர் எழுதுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

தொழிற்சாலை மேனேஜர் மூன்று மாதம் சம்பளமில்லாத லீவு கொடுத்தார். அதுவே பெரிய விஷயம். அதற்குமேல் ஒரு நாள்கூட முடியாது, பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சொல்லிவிட்டார். பெயர் போனால் அட்டை போகும். அட்டை போனால் பதினாலாம் நம்பர் அறையும் போகும், அந்த அறையில் கிடைக்கிற எந்த மருந்தும் போகும். மாஸ்டர் எல்லாவற்றையும் மேஜையில் விரித்ததுபோல மனைவிக்கு விளக்கினார். மூன்று மாதம் சாப்பிட வேண்டியது, பலனில்லை என்று சொல்ல வேண்டியது, புது மருந்தை வாங்கிக்கொண்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டியது. மனைவி வீட்டிலிருந்தபடியே சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுப்பவள். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் மாத்திரையைப் போடுங்கள் என்றாள்.

முதல் வாரம் வாந்தி. இரண்டாவது வாரம் மலச்சிக்கல். அது ஒரு தனி நரகம், அதைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. மூன்றாவது வாரம் ஒரு காலையில் மாஸ்டர் எழுந்து, கொடியில் கிடந்த பழைய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கடையில் வாங்கிய சட்டை, இரண்டு பக்கமும் தையல் உள்ளது. பட்டனெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒன்றும் செய்யவில்லை. விலாவில் கை வைத்துப் பார்த்தார். எங்கோ பக்கத்து வீட்டில் யாரோ சண்டை போடுவதுபோலத் தூரத்தில் கேட்டது வலி. மனைவி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்து பார்த்தாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

அன்றைக்கே அவளுக்கு ஒரு பயமும் பிடித்தது. பலன் தெரிந்தால் எப்படி? இந்த மாத்திரை தோற்றால்தானே அந்த மாத்திரை? சொன்னபோது மாஸ்டர் சிரித்தார். மூன்று வருடம் ஒன்பதை நாலு என்று சொன்னவனுக்கு மூன்றை ஒன்பது என்று சொல்லத் தெரியாதா என்றார்.

அதற்கப்புறம் மாஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தார். காலை மாத்திரைக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்தால் மத்தியான மாத்திரை வரைக்கும் அங்கேதான். பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் பேசமாட்டார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து காஸ் வீசிக்கொண்டிருந்தது ஒரு நாள், அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது மாதக் கடைசியில் மனைவி ஒரு திரைத்துணியையும் சாக்பீஸையும் கொடுத்து, ஒரே ஒரு கோடு போட்டுத் தாருங்கள் என்றாள். முப்பது வருடம் கோடு போட்ட கை. மாடு மூத்திரம் பெய்த மாதிரி நெளிந்து நெளிந்து போயிற்று கோடு. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எரிச்சல்படுவார், துணியைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சாக்பீஸை மெதுவாக மேஜைமேல் வைத்துவிட்டு, போதுமா என்று கேட்டார்.

அவள் பத்துக்காரருக்குப் போன் செய்தாள். அவர் லாரியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார். புது மருந்து கிடைத்ததும் பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவார்கள், ஆள் பழையபடி ஆகிவிடுவார், தானும் அப்படித்தான் கிடந்ததாகச் சொன்னார்.

"ஆனா ஒண்ணும்மா, பத்துன்னு சொல்ல வேணாம்னு சொல்லுங்க. அது என்னோட நம்பர், இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. ஒம்பதுன்னு சொல்லச் சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க அவள் பாடம் எடுத்தாள். வலிக்கு எத்தனை? ஒம்பது. மாத்திரை கேக்குதா? கேக்கல. வேற தொந்தரவு? கை நடுங்குது, தூங்கித் தூங்கி விழறேன். மாஸ்டர் ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னார். பஸ்ஸில் போகும்போது ஒரு தடவை கேட்டாள், சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டாள், அப்போதும் சரியாகத்தான் சொன்னார்.

உள்ளே அவரை மட்டும் கூப்பிட்டார்கள். அலுவலர் சின்ன வயதுப் பெண், முன்னால் கம்ப்யூட்டர். உட்காருங்க ஐயா என்று மரியாதையாகச் சொன்னாள். ஃபேன் காற்று மாஸ்டரின் சட்டையைத் தூக்கித் தூக்கி விலாவில் போட்டது. மூன்று வருடமாக ஃபேனுக்குக் கீழே உட்கார முடிந்ததில்லை. இப்போது சுகமாக இருந்தது. அறை சுகமாக இருந்தது, அந்தப் பெண்ணின் குரல் சுகமாக இருந்தது. போன ஒரு வாரத்தில் உங்கள் வலிக்கு எத்தனை என்று அவள் படித்தாள்.

ஒன்பது என்கிற வார்த்தை அவர் தலைக்குள் இருந்தது. அதை அவர் பார்க்கவும் செய்தார். வாசலில் நிற்கிற யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல. கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. பொய் சொல்வதற்கு மனதில் கொஞ்சம் பதைப்பு வேண்டும், எதையாவது இழந்துவிடுவோம் என்கிற பயம் வேண்டும். தினம் மூன்று வேளை விழுங்கியதில் அந்தப் பயம்தான் வலியோடு சேர்ந்து போயிருந்தது. அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்டாள், அதற்குச் சரியான பதில் ஒன்று இருந்தது.

"மூணு" என்றார்.

தற்போதைய மருந்து பலன் தருகிறதா என்றாள். தருதும்மா என்றார். வேறு தொந்தரவு ஏதாவது? அவர் யோசித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. நல்லா தூக்கம் வருது."

அவள் அதையும் தட்டி ஏற்றிக்கொண்டு, திரையைத் திருப்பிக் காட்டி, கையெழுத்துப் போடச் சொன்னாள். கையெழுத்துக் கோணலாக விழுந்தது. அதைக் குறித்துக்கொள்ள அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

வெளியே மனைவி அவர் முகத்தைப் பார்த்தே எழுந்துவிட்டாள். எத்தனை என்று கேட்டாள். சொன்னார். அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இந்த மனுஷன் கையைப் பாருங்கள், ஒரு கோடு போடச் சொல்லிப் பாருங்கள், மருந்தில் கிடக்கிறார், என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுகிறார் என்றாள். அந்தப் பெண்ணுக்கு உண்மையாகவே சங்கடமாகிவிட்டது. கையெழுத்தானதும் பதிவு போய்விட்டது, தன்னால் திறக்க முடியாது என்றாள். டாக்டர் வந்து பார்த்தார். மாஸ்டரின் இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். முறையீடு எழுதித் தருகிறேன், பதில் வர எட்டு வாரம் ஆகும் என்றார். தொழிற்சாலை லீவுக்கு மிச்சம் இருந்தது நான்கு நாள், இந்தக் கையைப் பார்த்த பிறகு மெஷினுக்குச் சீட்டும் கிடைக்காது. அதை அவள் டாக்டரிடம் சொல்லவும் செய்தாள். அவர் முறையீட்டை எழுத ஆரம்பித்துவிட்டிருந்தார்.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. இரண்டு பேரும் வெயிலில் நின்றார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மாஸ்டர் அதைப் பார்த்தார். அழுகிறாள், தன்னால்தான் அழுகிறாள் என்று புரிந்தது. முப்பது வருடம் பிடித்த கத்தி போகிறது, அட்டை போகிறது, வீட்டிலிருக்கிற மாத்திரை தீர்ந்ததும் பழைய வலி அப்படியே திரும்ப வரும், அப்போது அந்த அறை இருக்காது. ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். எல்லாம் வரிசையாகச் சரியாகவே வந்தது. வருத்தம் மட்டும் வரவில்லை. உள்ளே தேடித் தேடிப் பார்த்தார், அகப்படவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா? இல்ல, நான் சொல்லிக் கொடுத்தது மறந்துபோச்சா?"

"மறக்கல. ஒம்பதுன்னு சொல்லணும்னு நல்லா ஞாபகம் இருந்துச்சு" என்றார் மாஸ்டர். இதையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல யோசித்துச் சொன்னார். "எதுக்காகச் சொல்லணுங்கறதுதான் தோணல."

பஸ் வந்தது. அவள் அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.